பெர்னடெட் போட்ட கையெழுத்தும் போடாத கையெழுத்தும்

உங்கள் பெயரை உங்களுக்காக வேறொருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டது உண்டா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் மீட்டருக்கு, பிள்ளையின் உபகாரச் சம்பளத்துக்கு, சொக்சோ என்ற தொழிலாளர் பாதுகாப்புப் பணத்துக்கு என்று எத்தனை தாள்கள் வந்திருக்கும். "நீயே போட்டுடு, யாரு பார்க்கப் போறா" என்று பேனாவைப் பக்கத்தில் இருந்தவர் கையில் தள்ளியதே இல்லையா? தள்ளியிருந்தால் இந்தப் பெண்ணின் கதை உங்களுக்கும் சொந்தம்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே சுங்கை மெராந்தி என்றொரு ரப்பர்த் தோட்டம் இருந்தது. தோட்டம் விற்கப்பட்டது, மரங்கள் சாய்க்கப்பட்டன, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் பக்கத்திலேயே கட்டிய மலிவு வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். மெராந்தி என்ற காட்டு மரத்தின் பெயர் மட்டும் தாமான் மெராந்தி, அதாவது மெராந்திக் குடியிருப்பு, என்று பலகையில் மிஞ்சியது. அந்தத் தாமானின் மாதா கோயில் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவர் பெர்னடெட். ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் காணோம் என்று வீடெல்லாம் தேடுகிறவர்.

அவருடைய அப்பா தோட்டத்து ஆப்பீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. சம்பளப் பட்டியலில் ஆட்கள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றால் நேரமாகும் என்று துரை அவசரப்படுத்துவாராம். கிராணியே எல்லோருக்கும் போட்டுவிடுவார். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்வெட்டுக்குப் போன ஜனங்களுக்கு அந்த அரை மணி நேர ஓய்வு கையெழுத்தை விடப் பெரியது. அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது பேனா மகளிடம் வந்தது. தோட்டம் போனது, துரை போனார், ஆப்பீஸ் போனது. பழக்கம் மட்டும் சாமான்களோடு லாரி ஏறித் தாமானுக்கு வந்துவிட்டது.

வந்த இடத்தில் அதற்கு ஒரு மூடநம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. பெர்னடெட் நிரப்பிய விண்ணப்பம் திரும்பி வருவதில்லை என்று ஜனங்கள் கண்டார்கள். அவர் கை ராசியான கை என்று முடிவு கட்டினார்கள். இதில் ராசி எங்கே இருக்கிறது? அவர் கட்டத்துக்குள் எழுதினார், அடையாளக் கார்டு எண்ணைச் சரிபார்த்து எழுதினார், கேட்ட நகல்களை இணைத்தார், அவ்வளவுதான். ஆனால் காரணத்தைத் தேடுவதைவிட ராசியைக் கும்பிடுவது சுலபம். ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட, "அக்கா, நீங்க நிரப்புனா பத்தாது, கையெழுத்தும் நீங்களே போடணும். அப்பத்தான் பாஸ் ஆகும்" என்று வந்து நின்றார்கள். அவரும் போட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்: சொந்தக்காரர் அடையாளக் கார்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் ரோசரி. பெர்னடெட்டுடன் ஒரே லயத்தில் வளர்ந்தவர், ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தொற்றுநோய் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, மாதா திருநாளன்று, கோயில் மண்டபத்து வாசலில் கிளென் என்ற இளைஞன் மேசை போட்டான். ஒரு வங்கிக்குக் கடன் அட்டை பிடித்துத் தரும் ஏஜெண்டு. விண்ணப்பித்தவர்களுக்குச் சக்கரம் வைத்த பெட்டி இலவசம். ரோசரியின் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த நேரம், மடிக்கணினி வாங்க வேண்டியிருந்தது. ரோசரி பெர்னடெட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"நீயே போட்டுடுலா. நான் போட்டா ரிஜெக்ட் ஆயிடும்."

"உனக்குத்தான் எழுதத் தெரியுமே, ரோசரி."

"எழுதத் தெரியும். ராசி யாருகிட்ட இருக்கு?"

பெர்னடெட் போட்டார். கிளென் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடுக்கவில்லை. அவனுக்கு வேண்டியது தாளில் ஒரு கையெழுத்து, கமிஷனுக்கு ஒரு பெயர்.

அட்டை வந்தது, மடிக்கணினி வந்தது. ரோசரி மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினார். ஒவ்வொரு மாதக் கணக்கிலும் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், என்று ஒரு வரி ஏறியிருந்தது. அதை அரசாங்க வரி என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. தொற்றுக்காலத்தில் உலகம் முழுவதும் கையுறை கேட்டது, ஓவர்டைம் கொட்டியது, கட்ட முடிந்தது. உலகம் கையுறையைக் கழற்றியதும் ஓவர்டைம் நின்றது. தவணை தவறியது. வட்டி, வட்டிக்கு வட்டி, தாமதக் கட்டணம், அத்தனைக்கும் அடியில் அந்தக் காப்புறுதி. கடைசியில் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது.

ரோசரி என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? உறையைப் பிரிக்காமல் வீட்டில் இருந்த மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து ஒன்பது நாள் செபமான நவநாளைத் தொடங்கிவிட்டார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன்: மாதா சிலை நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது. சம்மனில் குறித்த தேதிக்குள் பதில் போகாவிட்டால் கேட்டவன் கேட்டபடியே தீர்ப்பாகிவிடும். ஒப்பந்தம் ஓட்டையா, கணக்கு சரியா என்று யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எதிர்க்க ஆள் வராத வழக்கில் ஓட்டை ஒப்பந்தமும் இரும்பு ஒப்பந்தமாகிவிடுகிறது. நம் ஜனங்கள் கோர்ட்டுப் படி ஏறுவதே அவமானம் என்று வீட்டில் இருக்கிறார்கள். அந்த வெட்கம் வங்கிகளுக்கு எத்தனை வழக்குகளை ஜெயித்துக் கொடுத்திருக்கும்!

ரோசரி வீட்டில் செபக் கூட்டம் நடந்த அன்று பெர்னடெட் மெழுகுவத்தி ஏற்றப் போய், சுரூபத்தின் கீழே இருந்த உறையைப் பார்த்தார்.

"என்னா இது? கோர்ட்டு முத்திரை போட்டிருக்கு. பிரிக்கவே இல்லியா?"

"மாதா பார்த்துக்குவாங்க அக்கா."

"மாதாவுக்கு மலாய் படிக்கத் தெரியுமா? கொண்டா இங்க."

பிரித்துப் படித்தார். பதில் கொடுக்க நாள் இன்னும் மிச்சம் இருந்தது. மறுநாளே இருவரும் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனார்கள். அங்கே சிவாஜினி என்ற வழக்கறிஞர், ஏழைகள் கொண்டுவரும் வழக்குகளைக் காசு பேசாமல் பார்ப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பத்தின் பேத்தி. அவர் முதலில் சம்மனுக்குப் பதில் கொடுத்து, வழக்கு ஒருதலையாகத் தீர்ந்துவிடாமல் தடுத்தார். பிறகு வங்கியிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கி, இரண்டு தாள்களை மேசையில் விரித்தார். ஒன்று அட்டைக்கான விண்ணப்பம். மற்றது காப்புறுதிக்குச் சம்மதம் தெரிவிக்கும் தாள். இரண்டிலும் ரோசரியின் பெயரில் கையெழுத்து.

"இது ரெண்டும் உங்கட கையெழுத்தோ?"

ரோசரி பெர்னடெட்டைப் பார்த்தார். பெர்னடெட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இந்த விண்ணப்பத்துல இருக்கறது நான் போட்டது. அவ சொல்லி, அவ பக்கத்துல இருக்கப் போட்டேன். இது நான் போடல. இந்தத் தாள இப்பத்தான் பார்க்கறேன்."

சிவாஜினி நிமிர்ந்து உட்கார்ந்தார். வழக்கின் முடிச்சு அங்கேதான் இருந்தது. இரண்டும் என்னுடையதல்ல என்று ரோசரி சொன்னால் நீதிமன்றம் நம்பாது. அட்டையைத் தேய்த்து மடிக்கணினி வாங்கியவர் அவர்தானே? இரண்டும் என்னுடையது என்று சொன்னால் காப்புறுதியும் அதன் மேல் ஏறிய வட்டியும் தலையில் விழும். அதைக் கட்ட வழியில்லை. ரோசரியின் பெயரில் இருந்தது ஒரு பழைய வேன். அதில்தான் அவர் கணவர் ஸ்டானிஸ்லாஸ் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்று குடும்பத்துக்கு அரிசி வாங்குகிறார். ஜப்தி வந்தால் முதலில் போவது வேன். முதல் தாளையும் இரண்டாம் தாளையும் பிரித்துக் காட்டக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் கூண்டில் ஏறி, ஒரு வங்கித் தாளில் அடுத்தவர் பெயரை நான் எழுதினேன் என்று வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஏமாத்திற எண்ணம் இல்லை எண்டது எனக்கு விளங்குது. ஆனா போலீஸ் எப்படிப் பார்க்கும் எண்டு என்னால உத்தரவாதம் தர ஏலாது. வங்கியின்ர லாயர் உங்களைப் பயமுறுத்துவார். உங்கட வேலைக்கும் பிரச்சினை வரலாம். யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா" என்றார் சிவாஜினி.

வெளியே வந்ததும் ரோசரி நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "நீ வராத. வேன் போனாப் போகுது. உன் பேர நான் வாயில எடுக்க மாட்டேன்."

"வேன் போனா உன் புருசன் பிள்ளைங்கள முதுகுல தூக்கிட்டுப் போவாரா? வா, பஸ்ஸு வந்துரும்."

வீட்டில் பெர்னடெட்டின் கணவர் கேப்ரியல் குதித்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வம்பு தும்புக்குப் போகாதவர்.

"உனக்கு என்ன மூளை கெட்டுப் போச்சா? ஊருக்கே போட்டுக் குடுத்திருக்க. ஒண்ண ஒத்துக்கிட்டா எல்லாத்தையும் தோண்டுவாங்கலா!"

"தோண்டட்டும்."

"உன்னப் புடிச்சு உள்ள வச்சா யாரு சோறு ஆக்குறது?"

"நீங்கதான். அரிசி அந்த டப்பாவுல இருக்கு. தண்ணி ரெண்டு பங்கு ஊத்துங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். ஆனால் அந்த வாரம் முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேப்ரியலே பிறகு சொன்னார். பாலர் பள்ளி அவருக்கு வெறும் சம்பளம் இல்லை. தாமானில் பாதிப்பேர் அவரிடம் எழுத்துப் படித்தவர்கள். அவர்கள் முன்னால் கள்ளக் கையெழுத்துக்காரி என்ற பெயரோடு நடப்பதை நினைத்துத்தான் பயந்தார்.

இருந்தும் முடிவை மாற்றவில்லை. யாரும் புகார் கொடுப்பதற்கு முன்னால் தாமே போலீஸ் நிலையத்துக்குப் போய், என் பழக்கம் இது, நான் போட்டது இந்தத் தாள், போடாதது அந்தத் தாள் என்று வாக்குமூலம் கொடுத்தார். பாலர் பள்ளி நிர்வாகத்திடமும் சொன்னார். அவர்கள் விஷயம் தெளியும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இத்தனை காலம் தங்கள் பாரங்களையெல்லாம் அவர் தலையில் ஏற்றிய நிர்வாகிகள்!

விசாரணை ஈப்போ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடந்தது. நான் வேறொரு வேலையாக அங்கே போயிருந்தேன். சிவாஜினியைத் தெரியும் என்பதால் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மாஜிஸ்திரேட் ஒரு மலாய்ப் பெண், வயது குறைவு, பொறுமை அதிகம். முதலில் ரோசரி ஏறினார். உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெரியும் என்றார். பின்னே ஏன் அடுத்தவரைப் போடச் சொன்னீர்கள்?

"அக்கா கை ராசியான கைங்க."

மொழிபெயர்ப்பாளர் தடுமாறினார். ராசிக்கு மலாயில் என்ன சொல்வது? ஒரு நொடி யோசித்து, "அவர் கை ஓங்" என்றார். அதிர்ஷ்டத்துக்கு ஹொக்கியன் சீனர் சொல்லும் வார்த்தை, இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. மன்றம் சிரித்தது. வங்கியின் வழக்கறிஞர்கூடச் சிரித்தார். மாஜிஸ்திரேட் குனிந்து எழுதிக்கொண்டார்.

வாங்கிய பொருளுக்குப் பணம் கட்ட மறுக்கிறீர்களா என்று வங்கி வழக்கறிஞர் ரோசரியைக் கேட்டார். "இல்லைங்க. வாங்கினதுக்குக் கட்டறேன். கேக்காததுக்குத்தான் கட்ட முடியாது" என்றார் ரோசரி. ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு பெர்னடெட்.

வங்கியின் வழக்கறிஞர் எழுந்தார். அடுத்தவர் பெயரை வங்கி ஆவணத்தில் எழுதினீர்களா? எழுதினேன். அது தவறு என்று தெரியுமா? "இப்பத் தெரியுதுங்க. அப்பத் தெரியாது." இப்படி எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்?

"எண்ணிப் பார்த்ததில்லைங்க. எங்க தாமான்ல எல்லாருக்கும்தான்."

வழக்கறிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, மற்றவர் பெயரில் கையெழுத்துப் போடுவதையே வழக்கமாகக் கொண்ட ஒருவர் இரண்டாவது தாளைப் பற்றிச் சொல்வதை நீதிமன்றம் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார். கேள்வி பெர்னடெட்டுக்கு மொழிபெயர்க்கப்பட்டது. அவர் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்ல வந்திருந்தா, ரெண்டையுமே நான் போடலன்னு சொல்லியிருப்பேங்க. எனக்கு அதுதான் நல்லது. என் வேலை இருந்திருக்கும், போலீசுக்குப் போயிருக்க வேண்டாம். முதல் தாள் நான் போட்டது, அதுக்கு நீங்க என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கறேன். இது நான் போடல. போட்டவங்களக் கூட்டிட்டு வந்து கேளுங்க."

போட்டவன் வரவில்லை. கிளென் எங்கே என்று வங்கிக்கே தெரியவில்லை. அவனை அனுப்பிய ஏஜென்சி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அந்தத் தாளில் யார் எழுதினார், யார் பார்த்தார் என்று சொல்ல வங்கித் தரப்பில் ஒருவரும் இல்லை.

தீர்ப்பு இன்னொரு நாளில் வந்தது, அன்றும் நான் போயிருந்தேன். முதல் தாளில் பேனா பிடித்த கை வேறு என்றாலும் சம்மதம் ரோசரியுடையது, அட்டையைப் பயன்படுத்தியவரும் அவரே, ஆகவே அந்த ஒப்பந்தம் செல்லும் என்றார் மாஜிஸ்திரேட். வாங்கிய பொருளுக்கும் அதற்குரிய வட்டிக்கும் அவர் பொறுப்பு. இரண்டாம் தாளுக்குச் சம்மதம் இருந்ததை வங்கி நிரூபிக்கவில்லை. கணக்கில் அந்த வரி மாதா மாதம் இருந்தபோது ரோசரி வாய் திறக்கவில்லை என்பது சம்மதம் ஆகிவிடாது. காப்புறுதியையும் அதனால் ஏறிய எல்லாவற்றையும் கழித்துவிட்டு வங்கி புதிதாகக் கணக்குப் போட வேண்டும். மிச்சத்தைத் தவணையில் கட்டலாம்.

இதைப் படித்துவிட்டு, கையெழுத்தில் கோளாறு இருந்தால் கடன் ரத்து என்று யாரும் துள்ள வேண்டாம். கோளாறு உள்ள ஒப்பந்தம் அப்படியே குப்பைக்குப் போவதில்லை. எது உங்கள் சம்மதம், எது உங்கள் மேல் ஏற்றியது என்று பிரித்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு ஆதாரம் வேண்டும். எல்லா வழக்கும் இப்படியே முடியும் என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆனால் அந்தப் பிரித்துப் பார்த்தலே நடக்காமல் போன வழக்குகளை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோயில் வாசலில் மேசை போட்டு, படித்துச் சொல்லாத தாளை நீட்டி, ஆளையே காணாமல் போக்கிவிட்டு, பிறகு சட்டம் பேசுகிறார்கள்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்துக்கு வெளியே ரோசரி பெர்னடெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உனக்கு நான் என்னா செய்யப் போறேன் அக்கா?"

"முதல்ல மூக்கச் சிந்து. எல்லாரும் பார்க்கறாங்க."

ஸ்டானிஸ்லாஸ் வேன் கதவைத் திறந்து, முன் இருக்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்து, பெர்னடெட்டை உட்காரச் சொன்னார். எத்தனையோ நன்றியுரைகள் கேட்டிருக்கிறேன். அந்தக் கைக்குட்டைக்கு எதுவும் ஈடாகாது.

போலீஸ் இரு பெண்களிடமும் விசாரித்தது. ரோசரி, நான் சொல்லித்தான் போட்டார் என்றார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பாலர் பள்ளி மட்டும் கூப்பிடவில்லை. கடைசியில் தாமானின் தாய்மார் நிர்வாகத்தின் முன்னால் போய் நின்றார்கள். "அக்கா கள்ளின்னா போடச் சொன்ன நாங்களும் கள்ளிங்கதான். எங்க பிள்ளைங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று ஒருத்தி கத்தினாளாம். பெர்னடெட் மீண்டும் வகுப்புக்குப் போனார்.

இப்போது அவர் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் உட்கார்ந்து, கொண்டுவரும் தாளை வரி வரியாகத் தமிழில் சொல்கிறார். பொடி எழுத்துகளையும் விடுவதில்லை. கேட்டு முடித்தவர் தாமே போட வேண்டும், அல்லது தாளைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். "முன்னெல்லாம் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும், இப்ப உசிர வாங்குது" என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நிற்கிறார்கள். நானும் என் வீட்டுக் கடன் தாளை ஒருநாள் எடுத்துப் போனேன். "சாமி இல்லைன்னு எழுதறவரு மாதா கோயில் மண்டபத்துல என்னா வேலை?" என்று கேட்டார் பெர்னடெட். பிறகு நான் பல ஆண்டுகள் படிக்காமல் வைத்திருந்த நிபந்தனைகளை எனக்கே படித்துக் காட்டினார். மாதா மேல் அவருக்குள்ள நம்பிக்கை எனக்கு வராது. அவர்மேல் எனக்குள்ள நன்றி அதனால் கொஞ்சமும் குறையாது. தம் பெயரைப் பணயம் வைத்து உண்மையை இரண்டாகப் பிரித்துச் சொன்ன ஒரு மனிதரை எனக்கு நேரில் காணக் கிடைத்தது.

இந்தப் பத்திரிகையை மூடியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் கடன் வழக்குச் சம்மனைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் உறையைப் பிரித்துத் தேதியைப் பாருங்கள். சட்ட உதவி தரும் இடத்துக்கு இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள். அந்த வழக்குக்குத் தேவையான உண்மை ஏதேனும் உங்களிடம் இருந்தால், அது உங்களுக்கே சங்கடம் தருவதாக இருந்தாலும், அவரோடு போய்க் கூண்டில் ஏறிச் சொல்லுங்கள்.